மனசுக்கும் ஓர் இலை போடுங்கள்!

மதுரைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் யார் வந்து நின்றாலும் சரி, "சௌக்கியமா?" என்று விசாரிப்பதற்கு முன்னால், "வாங்க, சாப்பிட்டீகளா?" என்றுதான் கேட்பார்கள். பெண்ணுக்கு வரன் அமைந்ததா, கோர்ட்டில் வழக்கு என்ன ஆயிற்று, வைகையில் தண்ணீர் வந்ததா என்பதெல்லாம் அதற்குப் பிற்பாடுதான். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. ஆனால் இந்தக் கேள்வியில் எவ்வளவு பெரிய வைத்திய சாஸ்திரம் அடங்கியிருக்கிறது என்பதை யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

வடக்கு மாசி வீதிப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட வீடு உங்கள் தெருவிலும் இருக்கலாம். அந்த வீட்டின் இளைய பிள்ளைக்கு வயது இருபத்திரண்டு. காலேஜை முடித்துவிட்டு வந்தவன், இரண்டு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லை. இரவில் தூக்கம் இல்லை, பகலில் எழுந்திருப்பதில்லை. மதினி கொண்டுபோய் வைத்த தட்டு, வைத்தது வைத்தபடியே திரும்பி வருகிறது.

"எல்லாம் திமிரு. ஒரு வேளை பட்டினி போட்டால் தானாக வருவான்" என்கிறார் தகப்பனார். "யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்" என்கிறாள் எதிர் வீட்டு ஆச்சி. தாயாரோ அழுதுகொண்டே அவனுக்குப் பிடித்த கறிக்குழம்பை மூன்று நாள் விடாமல் வைக்கிறாள். அதுவும் திரும்பி வருகிறது. மதினிக்கு மட்டும் ஒரு சந்தேகம். 'இவன் சாப்பிடாததனால் இப்படி ஆகிவிட்டானா? அல்லது இப்படி ஆனதனால் சாப்பிடவில்லையா?'

அந்தப் பெண்மணியின் சந்தேகம் சாதாரணமானதல்ல. உலகத்தில் பெரிய பெரிய டாக்டர்கள் நூறு வருஷமாகக் கேட்டு வரும் கேள்வி அது. அவர்கள் கண்டறிந்த விடை: இரண்டும் உண்மை. மனம் வாடினால் வயிறு வாடும். வயிறு வாடினால் மனமும் வாடும். இரண்டும் ஒன்றையொன்று கீழே இழுத்துக்கொண்டே போகும். அந்த இழுப்பை நிறுத்துவதில் டாக்டருக்குப் பாதி வேலை என்றால், சமையலறைக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆபுத்திரன் வாழ்ந்த ஊர்

பசியை ஒரு நோய் என்றே சொன்னவர்கள் நம் முன்னோர்கள். மணிமேகலையில் வரும் பசிப்பிணி என்ற சொல்லை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்தக் காவியத்தில் ஆபுத்திரன் அமுதசுரபியைப் பெற்றது எந்த ஊரில் தெரியுமா? இதே மதுரையில்தான். சிந்தாதேவியின் கோயில் அம்பலத்தில் தங்கியிருந்துகொண்டு, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண்ணில்லாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், நோயாளிகள் ஆகியோரை அழைத்து முதலில் அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் அவன் உண்பானாம்.

அதே காவியத்தில் காயசண்டிகை என்று ஒருத்தி வருகிறாள். அவளுக்கு வந்த வியாதிக்கு யானைத்தீ என்று பெயர். எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத பசி. மணிமேகலை ஒருத்திதான் அவளுக்கென்று அன்னம் இட்டாள்; பசி அடங்கிற்று. இது கதைதான். ஆனாலும், ஊருக்கெல்லாம் சோறு போடுவது ஒன்று, ஒருத்தியின் நோயை அறிந்து அவளுக்கென்று சோறு போடுவது மற்றொன்று என்ற வித்தியாசத்தை இதைவிட அழகாக யார் சொல்ல முடியும்?

36 வாலிபர்களின் பசி

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். 1944-ம் வருஷக் கடைசியில், இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் என்ற ஆராய்ச்சியாளர் 36 வாலிபர்களைத் தேர்ந்தெடுத்தார். உடம்பிலும் மனத்திலும் ஆரோக்கியமானவர்கள் என்று பரீட்சை செய்து பொறுக்கியெடுத்த ஆட்கள். யுத்தத்தினால் ஐரோப்பாவில் பட்டினி கிடக்கும் ஜனங்களுக்கு எப்படி உணவு கொடுத்துத் தேற்றுவது என்று தெரிந்துகொள்வதற்காக, அவர்கள் தாமாகவே முன்வந்து 1945-ல் ஆறு மாதம் அரைப் பட்டினி கிடந்தார்கள்.

உடம்பு இளைத்தது, எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர்கள் மனத்துக்கு நேர்ந்ததுதான் ஆச்சரியம். சிரித்துப் பேசிய பிள்ளைகள் சிடுசிடுத்தார்கள். சிநேகிதர்களை விட்டு ஒதுங்கினார்கள். எதிலும் உற்சாகம் இல்லை, சோகம் கவிந்தது. எந்நேரமும் சாப்பாட்டு நினைவு. சமையல் புஸ்தகங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள்! மறுபடி வயிறார உணவு கொடுத்த பிறகும் மனம் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆயின.

ஆகையால், சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து, "ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடுவான்" என்று சொல்லும் தகப்பனாருக்கு இந்த 36 பேரின் கதையைச் சொல்லுங்கள். பட்டினி மனத்தைச் சீராக்காது. நல்ல மனத்தையும் அது கெடுத்துவிடும்.

குன்னூரிலிருந்து ஹைதராபாத் வரை

உணவில் ஒரே ஒரு சத்துக் குறைந்தால் புத்தி கலங்குமா? கலங்கும். அதற்குப் பெல்லாக்ரா என்ற வியாதியே சாட்சி. தோலில் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, அதன்பின் மனச்சோர்வு, முற்றினால் சித்தப்பிரமை. இப்படிப் படிப்படியாக வரும் வியாதி அது. அமெரிக்காவின் தென் பகுதிகளில் மக்காச்சோளத்தையே பிரதானமாக உண்ட ஏழைகளிடம் அது பரவியிருந்தது. மனநோய் விடுதிகளில் அந்த வியாதிக்காரர்கள் நிறைய இருந்தார்கள். எல்லோரும் தொற்று வியாதி என்று நம்பினார்கள்.

1914-ல் ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற டாக்டர் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்தார். விடுதியில் நோயாளிகளுக்கு வியாதி வருகிறது. அவர்களோடேயே பழகும் நர்ஸுகளுக்கு வரவில்லை. தொற்று வியாதியானால் அவர்களுக்கும் வரவேண்டாமா? வித்தியாசம் சாப்பாட்டில்தான் என்று ஊகித்தார். பாலும் முட்டையும் பருப்பும் இறைச்சியும் கொடுத்துப் பார்த்தார். அப்படிக் கொடுத்த இடங்களில் வியாதி மறைந்தது. அதற்குக் காரணமான சத்து நயாசின் என்ற பி வைட்டமின் என்பது 1937-ல் தெரிந்தது.

நம் நாட்டிலும் இந்த வியாதி இருந்தது. தக்காணத்தில் சோளத்தையே மூன்று வேளையும் உண்ட ஏழை விவசாயிகளிடம் இதைக் கண்டு ஆராய்ந்தவர் நம் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் ஒரு சின்ன அறையில் தொடங்கிய ஊட்டச்சத்து ஆராய்ச்சிதான் பிற்பாடு வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று. அங்கேதான் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் வேலை செய்தார்கள். சோளத்திலுள்ள லூசின் என்ற புரதக்கூறு மிகுந்துபோவதும் இந்த வியாதிக்கு ஒரு காரணமாகலாம் என்று 1960-ல் அவர்கள் எழுதினார்கள். பெல்லாக்ரா வந்தவர்களிடம் கண்ட மனச்சோர்வையும் அவர்கள் கவனிக்காமல் விடவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சோளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். பருப்பு, கீரை, மோர் என்று பலதும் கலந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சோளம் நல்ல தானியமே. ஒன்றையே உண்டு மற்றதையெல்லாம் விடுவதுதான் தப்பு. டீயும் பன்னும் மட்டுமே ஆகாரம் என்று இருப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

ஏழு சந்திப்புகள்

"அதெல்லாம் சத்துக் குறைவினால் வந்த வியாதி. சாதாரணமாக மனச்சோர்வு வந்தவருக்குச் சாப்பாட்டை மாற்றினால் குணம் தெரியுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதை ஆஸ்திரேலியாவில் ஃபெலிஸ் ஜாக்கா என்ற பெண்மணியும் அவரோடு சேர்ந்தவர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள்.

மனச்சோர்வினால் அவதிப்பட்ட, சரியாகவும் சாப்பிடாத 67 பேரை எடுத்துக்கொண்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு உணவு நிபுணர் ஒருவர் 12 வாரத்தில் ஏழு தடவை தனித்தனியே உட்கார்ந்து ஆலோசனை சொன்னார். மற்றப் பிரிவினருக்கும் அதே அளவு நேரம் ஒருவர் சிநேகிதமாகப் பேசிக்கொண்டிருந்தார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஏற்கெனவே மருந்து சாப்பிட்டு வந்தவர்கள் அதை விடவில்லை.

முடிவு என்ன? கடைசிவரை இருந்தவர்களில், பேச்சுத் துணை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 8 பேர் மனச்சோர்வு நீங்கிய நிலைக்கு வந்தார்கள். உணவு ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 32 பேர்!

இது சின்ன ஆராய்ச்சி என்பதை மறந்துவிடக் கூடாது. தங்களுக்கு எந்தச் சிகிச்சை நடக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நம்பிக்கையே பாதி மருந்தல்லவா? எனவே சாப்பாடு ஒன்றே மனநோயைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மருந்துக்கும் டாக்டருக்கும் பக்கத்துணையாகச் சாப்பாடு நிற்கும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

அந்த நிபுணர் என்ன சொன்னார்? காய்கறி, பழம், முழுத் தானியம், பயறு வகை, மீன், கொட்டைப் பருப்புகள், நல்ல எண்ணெய் இவற்றைக் கூட்டுங்கள். இனிப்பு, வறுவல், மைதாப் பண்டம் இவற்றைக் குறையுங்கள் என்றார். ஒரு கட்டளைப் பட்டியலை எல்லோர் கையிலும் திணித்துவிட்டு அவர் போய்விடவில்லை. நீ என்ன சாப்பிடுகிறாய், உன்னிடம் எவ்வளவு காசு இருக்கிறது, யார் சமைக்கிறார்கள், எது உனக்குப் பிடிக்கும், இந்த வாரம் எந்த ஒன்றை மாற்றலாம் என்று கேட்டார். அடுத்த சந்திப்பில் அது நடந்ததா என்று விசாரித்தார். நம் மதினி எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஆஸ்திரேலியாக்காரர் பட்டியலுக்காக நாம் கப்பலில் சாமான் வரவழைக்க வேண்டியதில்லை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே மதுரையில்தான். கூடையை எடுத்துக்கொண்டு போனால் முருங்கைக்கீரை, அவரைக்காய், கொய்யாப்பழம் எல்லாம் கிடைக்கும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்துக் கரிசல் நிலத்துக் குதிரைவாலி இருக்கிறது. கம்பு, கேழ்வரகு, பாசிப்பயறு, நிலக்கடலை இருக்கின்றன. மாமிசம் சாப்பிடுகிறவர்களுக்கு மலிவாகச் சாளை மீன் இருக்கிறது. இந்தச் சாமான்களை வைத்து அந்த ஆராய்ச்சி நடக்கவில்லை என்பது வாஸ்தவம். ஆனாலும் தத்துவம் ஒன்றேதான்.

ஆளுக்கு ஓர் இலை

மனத்துக்கு நோய் கண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே எல்லோருக்கும் ஒரே இலை போடவும் முடியாது. அனுபவமுள்ள நர்ஸுகள் கையாளும் சில வழிகளைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்.

*சோர்ந்து படுத்திருப்பவர்:* இவருக்குத் தட்டு நிறையச் சோற்றைப் பார்த்தாலே மலைப்பு வரும். ஒரு இட்டிலி, அரை டம்ளர் கஞ்சி, ஒரு வாழைப்பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை கொடுங்கள். நேரம் தவறாமல் கொடுங்கள். "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள், முடிவு செய்யும் சக்தியே அவருக்கு இல்லை. "தோசை வார்க்கட்டுமா, உப்புமா கிண்டட்டுமா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். கூட உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். அவர் தின்ற இரண்டு வாய்க்குச் சந்தோஷப்படுங்கள்; தின்னாத மிச்சத்தைச் சொல்லிக் காட்டாதீர்கள்.

*ஓரிடத்தில் உட்காராதவர்:* சிலருக்கு மனம் வேகமாக ஓடும். இரவும் பகலும் பேச்சு, நடை. இலையில் உட்காரப் பொறுமை இராது. இவரை வற்புறுத்தி உட்கார வைத்தால் சண்டைதான் மிஞ்சும். நடந்துகொண்டே கையில் வைத்துக் கடிக்கக்கூடியதாகக் கொடுங்கள். பொடி தடவிய இட்டிலி, அடை, கொழுக்கட்டை, கடலை மிட்டாய், வாழைப்பழம். தண்ணீரையும் மோரையும் அடிக்கடி நீட்டுங்கள். காப்பியைக் குறையுங்கள், போன தூக்கத்தை அது இன்னும் விரட்டும்.

*விஷம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுபவர்:* பெற்ற தாய் கொடுத்த சோற்றையே தள்ளிவிடுவார். "நானா உனக்கு விஷம் வைப்பேன்?" என்று அழுது பிரயோஜனமில்லை, அது வியாதியின் பேச்சு. தோல் உரிக்காத பழம், ஓடு உடைக்காத அவித்த முட்டை, உடைக்காத இளநீர், பிரிக்காத பொட்டலம் இவற்றை அவர் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும் பரிமாறுங்கள். அவரே பரிமாறிக்கொள்ள விடுங்கள். மாத்திரையை மட்டும் அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்காதீர்கள். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அவர் சந்தேகம் நிஜமாகிவிடும். சோறும் போகும், மருந்தும் போகும்.

*பிள்ளை பெற்றவள்:* பத்தியம் என்று சொல்லிக் காய்கறியை நிறுத்தி, தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பிரசவத்தில் ரத்தம் இழந்து, பால் கொடுத்து, தூக்கமும் கெட்ட உடம்புக்கு அது தண்டனை. தண்ணீர் தாராளமாகக் கொடுங்கள். கீரையும் பருப்பும் முட்டையும் கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் வெறுப்பும் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கமே இல்லாமல், பேச்சுத் தடுமாறி, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினால் அன்றைக்கே அழைத்துப் போக வேண்டும்.

*துணையை இழந்த பெரியவர்:* தனக்கென்று ஒரு ஆளுக்குச் சமைப்பானேன் என்று டீயோடு முடித்துக்கொள்வார். மறதி, எரிச்சல், கால் மரத்துப்போவது இவையெல்லாம் வயசுக் கோளாறு என்று நாம் விட்டுவிடுகிறோம். பி12 வைட்டமின் குறைவினாலும் இதெல்லாம் வரும். அது பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில்தான் உண்டு, கீரையில் கிடையாது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும் அது குறையக்கூடும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுகட்டலாம். அப்படியே தைராய்டு குறைவும் மனச்சோர்வு வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஐந்து நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றுமே சாப்பிடாமல் கிடந்தவருக்கு, ஆசையினால் திடீரென்று விருந்து போட்டுவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் வேகமாகச் சத்துப் புகுந்தால் ரத்தத்திலுள்ள உப்புகள் நிலை தடுமாறி, இருதயத்துக்கே ஆபத்து நேரலாம். அப்படிப்பட்டவருக்கு ஆஸ்பத்திரியில், டாக்டர் பார்வையில்தான் ஆகாரத்தைத் தொடங்க வேண்டும்.

மாத்திரையும் சாப்பாடும்

மனநோய்க்கான மாத்திரைகளில் சில, பசியைக் கிளப்பிவிடும். குச்சியாக இருந்த பிள்ளை ஆறு மாதத்தில் பருத்துவிடுவான். "எந்நேரமும் தீனி" என்று வீட்டார் ஏசுவார்கள். அவன் அவமானம் தாங்காமல் மாத்திரையை ரகசியமாக நிறுத்துவான். வியாதி திரும்பி வரும். எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை இது. குற்றம் அவன் நாக்கில் இல்லை. மருந்தின் குணம் அது. டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்து பார்ப்பார். வீட்டில் நாம் செய்யக்கூடியது, கண்ணில் படும் இடத்தில் முறுக்கையும் பிஸ்கட்டையும் வைக்காமல், அவித்த சுண்டல், வெள்ளரிக்காய், நீர்மோர் இவற்றை வைப்பது. ஜிகர்தண்டாவை நித்தியப்படியாக்காமல் திருவிழாவுக்கென்று வைத்துக்கொள்வது. மாதம் ஒரு முறை எடை, அவ்வப்போது சர்க்கரைப் பரிசோதனை.

லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இன்னொரு கவனம் வேண்டும். உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் ரத்தத்தில் அந்த மருந்து ஏறிவிடும். ஆகவே, ரத்த அழுத்தம் என்று பயந்து திடீரென உப்பில்லாச் சமையலுக்கு மாறுவதும், கடும் விரதம் இருப்பதும் கூடாது. நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது இன்னும் ஜாக்கிரதை. கை நடுக்கம் அதிகமானாலும், வாந்தி பேதி கண்டாலும், நடை தள்ளாடினாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும்.

எந்த உணவும் மாத்திரைக்குப் பதிலாகாது. "கீரை கொடுக்கிறோமே, மாத்திரை எதற்கு?" என்று மட்டும் தயவு செய்து கேட்காதீர்கள்.

கடைசியில் சாப்பிடுகிறவர்

சகோதரிகளே, இதுவரை மற்றவர்கள் இலையைப் பார்த்தோம். இனி உங்கள் இலையைப் பார்க்கலாமா?

நம் கதையில் வரும் மதினி எப்போது சாப்பிட்டாள்? மாமனார், மாமியார், புருஷன், குழந்தைகள், கொழுந்தன் எல்லோரும் ஆன பிறகு, மணி மூன்றுக்கு, அடியில் மிஞ்சிய ரசத்தையும் ஒரு கரண்டி சோற்றையும் நின்றபடியே உண்டாள். கையோடு ஒரு டம்ளர் காப்பியும் குடித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குழந்தை பால் சிந்தினால் அடித்துவிடுகிறாள்; அப்புறம் அடுப்படியில் உட்கார்ந்து அழுகிறாள். "எனக்கு ஏன் இப்படிக் கோபம் வருகிறது?" என்று அவளுக்கே புரியவில்லை.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு ஒரு விஷயத்தைச் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள ஸ்திரீகளில் 100-க்கு 53 பேருக்கு ரத்த சோகை! பாதிக்கு மேல். ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தால் உடம்பு மட்டுமா தளரும்? அசதி, எரிச்சல், கவனமின்மை, மனத்தில் ஒரு பாரம் இவையும் கூடவே வரும். "இவளுக்கு எப்போதும் சிடுமூஞ்சி" என்று பெயர் வாங்கிய எத்தனை பேருக்கு உண்மையில் ரத்தம்தான் போதவில்லையோ!

கீரை, பயறு, கேழ்வரகு சாப்பிடும்போது எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாப்பழமோ சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து உடம்பில் நன்றாக ஒட்டும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் ஒட்டாது. ஒரு மணி நேரமாவது போகட்டும். ரத்தம் மிகவும் குறைந்திருந்தால் சாப்பாடு மட்டும் போதாது; மாத்திரை வேண்டும். அதை டாக்டர் சொல்வார். ஆனால் முதலில் அவரிடம் போக வேண்டுமே!

எங்கே போவது?

மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 1992-ல் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் தொடங்கிய எம். எஸ். செல்லமுத்து அறக்கட்டளை, மனநோய் கண்டவர்களுக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் ஸ்தாபனமாக இவ்வூரில் வளர்ந்திருக்கிறது. வெளியே போகத் தயக்கமானால், 14416 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்யலாம். 2022-ல் அரசாங்கம் தொடங்கிய இலவச மனநலச் சேவை அது. நம்மோடு தமிழிலேயே பேசுவார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு யார் வாயிலிருந்து வந்தாலும், அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல் உடனே உதவி தேடுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் ஏழு நாளைக்கு, என்ன சாப்பிட்டார், எத்தனை மணிக்கு, எவ்வளவு தூங்கினார், மனம் எப்படி இருந்தது என்று நாளுக்கு நாலு வரி எழுதிக்கொண்டு போங்கள். எடையையும் குறித்துக்கொள்ளுங்கள். "உணவு ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. மனநல விடுதிகளில் இருப்பவர்களுக்கு நல்ல உணவு கிடைக்க வேண்டும் என்பதை 2017-ல் வந்த மனநலச் சட்டமே ஓர் உரிமையாக எழுதி வைத்திருக்கிறது. விடுதியில் உள்ள உரிமை வீட்டில் இல்லாமல் போகலாமா?

பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சிற்றுண்டி கொடுக்கும் திட்டம் 2022 செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில்தான் ஆரம்பமாயிற்று. வெறும் வயிற்றோடு உட்கார்ந்த குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை ஊரே ஒப்புக்கொண்டது. வெறும் வயிற்றோடு உட்கார்ந்த மனத்துக்கு ஆறுதல் ஏறாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதானே?

வடக்கு மாசி வீதி வீட்டுக்குத் திரும்புவோம். மதினி என்ன செய்யலாம்? தட்டு நிறையச் சோற்றுக்குப் பதிலாக, நாளைக் காலை எட்டு மணிக்கு இரண்டு தட்டுகளில் இரண்டிரண்டு இட்டிலி வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் போகலாம். ஒன்றைக் கொழுந்தன் பக்கம் நகர்த்திவிட்டு, மற்றொன்றைத் தானே அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம். புத்திமதி ஒன்றும் சொல்ல வேண்டாம். அவன் பாதி இட்டிலி தின்றால் போதும். மறுநாளும் அதே எட்டு மணி. அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் அழைத்துப் போகலாம். அதில் ஒரு லாபமும் உண்டு: பல வருஷத்துக்குப் பிறகு மதினியும் காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டிருப்பாள்!

நாளைக்கு உங்கள் வீட்டு வாசலில் யாராவது வந்து நின்றால், வழக்கம்போல் "சாப்பிட்டீகளா?" என்று கேளுங்கள். ஆனால் பதிலையும் கொஞ்சம் நின்று கேளுங்கள். அப்படியே, அடுப்படியில் நிற்கும் உங்களையும் ஒரு தடவை அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.